முழங்கால் எங்கே என்று குளிசைக்குத் தெரியாது

மகன், இதை உன் தவம் மாமா போன் எடுத்துச் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று கிழமைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி கிளினிக் மண்டபத்தில், வாங்கு நிறையக் குந்தியிருந்த சனம் பார்த்துக்கொண்டிருக்க நான் நிலத்தில் தவழ்ந்தேன். அதற்கு முந்தின முறை டொக்டர், "அடுத்த முறை வரக்குள்ள வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையும் கொண்டு வாங்க ஐயா, எல்லாம் எண்டா எல்லாம்" என்று சொல்லியிருந்தார். உன் அம்மா அலுமாரி, சாமித்தட்டு, என் வேலைப் பெட்டி, சைக்கிள் பை என்று ஒரு இடம் விடாமல் தேடிச் சேர்த்து ஒரு சொப்பிங் பையில் போட்டுத் தந்தா. அந்தப் பை சரியாக என் இலக்கத்தைக் கூப்பிட்ட நேரம் பார்த்து அடி கிழிந்தது. பேப்பர் உறைகள் விழுந்தன, அட்டைகள் விழுந்தன, ஒரு போத்தலின் மூடி கழன்று அதற்குள் இருந்த குளிசை எல்லாம் உருண்டோடின. நான் முழந்தாளில் இருந்து பொறுக்கத் தொடங்கினேன். டைல் பதிக்கிறவனின் தொழில்புத்தி விடுமா? எல்லாக் குளிசையும் இடப்பக்கமாகவே ஓடுவதைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. "மிஸ், இந்த நிலம் இடப்பக்கம் சரியுது. டைல் பதிச்சவன் மட்டம் பிடிக்கல்ல" என்றேன். "ஐயா, நீங்க முதல்ல குளிசையப் பொறுக்குங்க" என்றார் இலக்கம் கூப்பிட்ட நேர்ஸ் பிள்ளை. அப்போதுதான் மூன்றாம் வரிசையிலிருந்து உன் மாமாவின் குரல் வந்தது: "மச்சான், அந்தச் செவலைக் குளிசை நான் தந்ததுதானே? இன்னும் போட்டு முடிக்கல்லையா நீ?"

மண்டபமே சிரித்தது. உன் அம்மா கிளினிக் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டா. நானும் சிரித்தேன். ஆனால் இந்தக் கடிதம் அந்தச் சிரிப்புக்காக இல்லை. நேற்று நீ போனில், இரண்டு நாளாகத் தொடையும் கெண்டைக்காலும் நோகிறது என்றாய். "ஒண்டுமில்ல அப்பா, நீங்க தந்த குளிசையில ரெண்டு போட்டன், கேட்டிட்டு, நோவு குறைஞ்சிட்டு" என்றாய். நான் "சரி மகன், சாப்பிட்டயா?" என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச வராது, பகிடி மட்டும்தான் வரும். எழுதினால் கொஞ்சம் உண்மை வருகிறது. அதனால் டைல் அளவு எழுதும் கொப்பியில் இதை எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரி, பரவாயில்லை. முக்கியமானதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் நித்திரையாகிப் போவாய் என்பதால்: நான் உன் பெட்டியில் வைத்த அந்தக் குளிசையை இனிப் போடாதே. உனக்குத் தந்திருக்கும் கொலஸ்ட்ரோல் குளிசையை நீயாக நிறுத்தவும் செய்யாதே. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே அங்கே கட்டாரில் ஒரு டொக்டரிடம் போ. ஏன் என்று கேட்பாய். எனக்கும் அந்த ஏன்தான் இந்த மூன்று கிழமையாக மண்டைக்குள் ஓடுகிறது.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். எனக்குக் கொலஸ்ட்ரோல் என்று கண்டுபிடித்து இரவுக் குளிசை தந்தது உனக்குத் தெரியும். பிரசருக்கும் சேர்த்துத் தந்தார்கள். ஒரு வருசம் ஒரு கரைச்சலும் இல்லை. அதற்கு மறுகா ஒரு முறை இரத்தம் சோதித்துவிட்டு, அளவு காணாது என்று அந்த இரவுக் குளிசையின் அளவைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் போல் கழித்து எனக்குத் தொடை இரண்டும் நோகத் தொடங்கியது. வாங்கிலிருந்து எழும்பும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். இதில் என் மூளை எப்படி வேலை செய்தது என்று பார். நான் முப்பது வருசமாகக் குந்தியிருந்து டைல் பதிக்கிறவன். கால் நோவது எனக்குச் சம்பளத்தோடு வருகிற சாமான். நோவு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. வந்தவனின் முகத்தைப் பார்க்காமலே, தெரிந்தவன்தானே என்று கதவைத் திறந்துவிட்டேன்.

முதலில் பரசிற்றமோல் போட்டேன். அது காணாது என்று தோன்றியதும் காத்தான்குடியில் பாமசிக் கடை நானாவிடம் போய் ஐபுபுரோபன் வாங்கினேன். நானாவைக் குறை சொல்லமாட்டேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, "வேற குளிசை ஏதும் பாவிக்கிறீங்களா? பிரசர், சுகர்?" என்று ஒழுங்காகக் கேட்டார். நான் "இல்ல நானா, நமக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள், வேலைக்குப் போக அவசரம், அதோடு கடையில் நிற்கும்போது வருத்தக்காரனாகத் தெரிய விருப்பமில்லை. ஆஸ்பத்திரியிலும் மாதாமாதம் கேட்டார்கள், "வேற மருந்து எடுக்கிறீங்களா ஐயா?" அங்கேயும் இல்லை என்றேன். அங்கே சொன்னது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. என் கணக்கில் மருந்து என்றால் டொக்டர் எழுதி, பேப்பர் உறையில் போட்டு, இலக்கம் கூப்பிட்டுத் தருவது. கடையில் வாங்குவது மருந்தா என்ன? அது வெத்திலை மாதிரி.

அதைவிட மோசம், நம்மட ஊரில் நோக் குளிசை வாங்குவதும் குறைவு. அது வீடு வீடாக நடக்கிற சாமான். ஒருவருக்குக் கிளினிக்கில் தந்தது மிஞ்சினால் "எனக்கு நல்லாக் கேட்டிச்சு, நீயும் ஒண்டு போட்டுப் பார்" என்று அடுத்த வளவு வீட்டுக்குப் போகும். கறி கொடுத்தனுப்புகிற மாதிரித்தான். கிண்ணம் திரும்பி வரும்போது அதற்குள் வேறு நிறத்தில் இரண்டு குளிசை இருக்கும். இப்படித்தான் தவம் மாமாவின் செவலைக் குளிசையும் என் போத்தலுக்குள் வந்தது. அதன் பெயர் எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவனுக்குத் தந்தவர் போன மாசி மாதம் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் என் பிரசர் ஏறிக்கொண்டே போனது. கால் வீங்கியது. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உன் அம்மா அன்றைக்கே வீட்டிலிருந்த கருவாடு எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்து வளவு யோகனுக்குக் கொடுத்துவிட்டா. அடுத்த மாதமும் பிரசர் இறங்கவில்லை. பிரசர் குளிசையைக் கூட்டினார்கள். அம்மா ஊறுகாய்ப் போத்தலையும் ஒளித்தா. "இஞ்சாருங்க, வெளியில எங்கயும் கருவாடு திங்கிறீங்களா?" என்று என் கையை மோந்து பார்த்தா மகன், சின்னப் பிள்ளையின் களவைப் பிடிக்கிற மாதிரி. வாவியில் இருந்து யோகன் கொண்டுவருகிற மீனை உப்பில்லாமல் தின்றுகொண்டு, காலையும் மாலையும் அந்த ஐபுபுரோபனை விழுங்கிக்கொண்டு, ஏன் பிரசர் இறங்கவில்லை என்று நானும் அவவோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டேன். என்னைவிட ஒரு மடையனை நீ வேறு எங்கே தேடுவாய்?

சரி, பை கிழிந்த நாளுக்கு வருகிறேன். டொக்டர் நாவற்குடா ஊர்ப் பிள்ளை, உன்னைவிட வயது குறைவாக இருக்கும். நான் பொறுக்கிக்கொண்டு வந்ததை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐபுபுரோபன் அட்டையை எடுத்துத் திருப்பினார். "இது எத்தின நாளா?"

"நாள் இல்ல டொக்டர், மாசம்" என்று அம்மா முந்திக்கொண்டா.

"ஒரு நாளைக்கு எத்தின?"

"ரெண்டு" என்றேன். அம்மா என்னைப் பார்த்தா. "பதிக்கிற நிலம் பெரிசெண்டா மூண்டு" என்று சேர்த்தேன்.

அவர் ஏசவில்லை. பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, நான் நாலு மாசமா உங்கட பிரசரோட மல்லுக்கட்டினன். நீங்க மற்றப் பக்கம் நிண்டு இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறீங்க."

பிறகு சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். கொலஸ்ட்ரோல் குளிசையும் இந்தக் கடை நோக் குளிசையும் ஒன்றோடு ஒன்று நேரே அடிபடுவது பெரிதாக இல்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஆனால் அவர் நிறுத்தவில்லை. இந்தச் சாதி நோக் குளிசை தொடர்ந்து போட்டால் பிரசரை ஏற்றும், பிரசர் குளிசையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தை வருத்தும், நெஞ்சுக்கும் கூடாது. நெஞ்சைக் காப்பாற்றத்தான் கொலஸ்ட்ரோல் குளிசையே தருகிறார்கள். அது ஒன்று. மற்றது, கொலஸ்ட்ரோல் குளிசை சில பேருக்குத் தசையில் நோவு கொண்டுவரும். எல்லாருக்கும் இல்லை, முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் வந்தால் அதை டொக்டருக்குச் சொல்ல வேண்டும். மிகவும் அரிதாக ஒரு சிலருக்குத் தசையே உடைந்து இரத்தத்தில் கலக்குமாம். அந்தக் குப்பையையும் சிறுநீரகம்தான் வடிகட்ட வேண்டும். நோக் குளிசையும் அங்கேதான் போய்க் குந்துகிறது. ஒரு ஆள் தூக்குகிற மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டை.

உனக்கு என்னைத் தெரியும், கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். "டொக்டர், தொண்டைக்குள்ள போடுற குளிசைக்கு முழங்கால் இருக்கிற இடம் எப்பிடித் தெரியும்?" என்றேன். அம்மா என் காலை மிதித்தா. டொக்டர், "தெரியாது ஐயா" என்றார். "அதுக்கு முழங்கால் எங்க எண்டு தெரியாது. அது எல்லா இடத்துக்கும் போகும். நீங்க அனுப்பாத இடத்துக்கும் போகும்."

"அப்ப நோவு எங்க போகுது?"

"கனக்கப் பேருக்கு ஒரு இடமும் போகல்ல. அங்கதான் இருக்கு. உங்களுக்குச் சொல்லுறது மட்டும் குறையுது."

மகன், இந்த ஒரு பேச்சில் எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. நீ என்னோடு இரண்டு லீவுக்கு வேலைக்கு வந்தவன், டைல் பதித்து முடிந்ததும் சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேனே. அடியில் சீமெந்து நிறைந்திருந்தால் ஒரு சத்தம், பொள்ளலாக இருந்தால் வேறு சத்தம். அந்தப் பொள்ளல் சத்தம் நமக்குக் கரைச்சல்தான், கிளப்பித் திரும்பப் பதிக்க வேண்டும். ஆனால் சத்தம் கேட்கக்கூடாது என்று காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு தட்டினால் எப்படி இருக்கும்? நான் அதைத்தான் என் தொடைக்குச் செய்தேன். தொடை மாதக்கணக்காகப் பொள்ளல் சத்தம் போட்டது. நான் காலை ஒரு பஞ்சு, மாலை ஒரு பஞ்சு.

அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள். தசை கொஞ்சம் கசிந்திருந்தது, சிறுநீரகமும் கொஞ்சம் களைத்திருந்தது. பயப்படுகிற அளவுக்கு இல்லையாம், ஆனால் இப்படியே விட்டிருக்கக் கூடாதாம். பழைய கொலஸ்ட்ரோல் குளிசையைச் சில நாள் நிறுத்தி, திரும்ப இரத்தம் பார்த்து, வேறு ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். அது அவர்கள் செய்த வேலை. நானாக நிறுத்தியிருந்தால் அது இன்னொரு மடத்தனம். நோவுக்குத் தேவையென்றால் பரசிற்றமோலை அளவோடு போடலாம் என்றார், அதுவும் சொல்லிவிட்டு. அதையும் கூடப் போட்டால் ஈரலுக்குக் கூடாதாம்.

இப்போது வேடிக்கையைக் கேள். நான் இந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் நோவை எழுதி வருகிறேன். இடப்பக்கம் தொடை, வலப்பக்கம் முழங்கால். முதல் கிழமை இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருக்கிறேன். இரண்டாம் கிழமை தொடைப் பக்கம் எழுத்துக் குறைந்தது. போன கிழமை தொடைப் பக்கத்தில் இரண்டு நாள் வெறுமையாக இருக்கிறது. முழங்கால் பக்கம் மட்டும் அப்படியே நிறைந்துபோய் நிற்கிறது. அதாவது முழங்கால் நோவு டைலுடையது, தொடை நோவு குளிசையுடையது. இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், நான் ஒரே ஆள் என்று நினைத்துச் சோறு போட்டிருக்கிறேன். இந்த வயதில் என் உடம்பைப் பற்றி ஒரு புதுச் செய்தி கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரு சந்தோசம் கூட இருக்கிறது. கருவாடும் திரும்பி வந்தது, கிழமைக்கு ஒரு துண்டு. அதை வறுக்கும்போது அம்மா கருவாட்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்டா, என்னிடம் இன்னும் கேட்கவில்லை.

இனி உன் பங்கு. சித்திரை வருசத்துக்கு வந்துவிட்டு நீ கட்டாருக்குத் திரும்பும்போது உன் பெட்டியைக் கட்டியது நான். அம்மா இறால் சம்பலும் மிளகாய்த்தூளும் வைத்தா. எனக்கும் ஏதாவது வைக்க வேண்டும் என்று இருந்தது. நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நின்று பெட்டி தூக்குகிற பிள்ளைக்கு டைல் பதிக்கிறவன் வேறு எதைக் கொடுப்பான்? காத்தான்குடிக்குப் போய் அதே ஐபுபுரோபன் ஆறு அட்டை வாங்கி, உன் சட்டைக்குள் சுற்றி வைத்தேன். "மகன், கால் நொந்தா ஒண்டு போடு, நல்லாக் கேக்கும்" என்றேன். நீ சிரித்துக்கொண்டு, "நீங்க டொக்டர் ஆகியிருக்கலாம் அப்பா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் உன் கம்பனியில் இரத்தம் சோதித்துக் கொலஸ்ட்ரோல் என்றார்கள், இரவுக் குளிசை தந்தார்கள் என்று நீ சொன்னபோது நான் அதையும் பகிடியாகத்தான் எடுத்தேன். "அப்பன்ட சொத்து ஒண்டாவது கிடைச்சுதே" என்றேன். இப்போது நினைத்தால் அது பகிடி இல்லை. என் அப்பா வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டிக்கொண்டு நின்றவர், வரம்பில் குந்தினார், எழும்பவில்லை. அப்போது அவருக்கு ஐம்பது நிரம்பவில்லை. நெஞ்சு என்றார்கள், வெயில் என்றார்கள். குடும்பத்தில் ஆருக்கும் நெஞ்சு வருத்தமா என்று டொக்டர் கேட்டபோதுதான் இதை நான் ஒரு வரிசையாக வைத்துப் பார்த்தேன்: அவர், நான், நீ. உனக்கு முப்பத்து நாலு வயது. அதனால்தான் அந்த இரவுக் குளிசை உனக்குத் தேவை. அதைக் கால் நோவோடு சேர்த்து வீசிவிடாதே.

உன் நோவு பெட்டி தூக்கிய நோவாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, அதைத்தான் சொல்லவருகிறேன். இரத்தம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். போகும்போது எல்லாக் குளிசையையும் கொண்டு போ, நான் வைத்ததையும், உன் அறையில் இருக்கும் பொடியன்கள் தந்ததையும். சளி காய்ச்சலுக்கு யாராவது வேறு மருந்து எழுதினாலும் இந்த இரவுக் குளிசை போடுகிறேன் என்று வாயைத் திறந்து சொல், சில மருந்து இதோடு சேரக்கூடாதாம். உடம்பு சோர்ந்து, சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனால் நாளை வரை பார்க்காதே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போ. வேலை போகும் என்று பார்க்காதே. பை மட்டும் நல்லதாகக் கொண்டு போ. உன் அப்பாவைப் போல் தவழத் தேவையில்லை.

இதை மூன்று கிழமைக்கு முன்பே ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ போன் எடுக்கும்போது சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டயா?" என்று கேட்டேன். அவன் அதைப் போட்டிருக்கமாட்டான், பெட்டிக்குள் அப்படியே கிடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று நீ "கேட்டிட்டு" என்று சொன்னபோது அந்த ஆறு அட்டையும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நாங்கள் எழும்புகிற நேரம், டொக்டர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். "ஐயா, இத வேற ஆருக்கும் குடுத்தீங்களா? அவங்களும் பிரசர், கொலஸ்ட்ரோல் குளிசை போடுறவங்களா இருந்தா வரச் சொல்லுங்க." நான் விரல் மடித்துச் சொன்னேன். தவம் மச்சான். பக்கத்து வளவு யோகன். என்னோடு வேலைக்கு வருகிற றஞ்சன். அவர் மூன்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினார். பேனையை எடுக்காமல், "அவ்வளவுதானா?" என்றார். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றா. நாலாவது விரல் பாதி மடிந்தபடி நின்றது. நான் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, "அவ்வளவுதான் டொக்டர்" என்றேன். அந்த நாலாவது விரலுக்கு உன் பெயர், மகன்.